பதிவேடு நிறைந்தது, பையன் கற்றானா?



கோச்சடையில் நம் பிள்ளைகளுக்கென நடைபெறும் மாலை வகுப்பு ஓராண்டை நிறைவு செய்தது. விழா எடுக்க வேண்டும் என்றனர் இளைஞர். வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தோம்; பக்கத்துக்குப் பக்கம் நிறைந்திருந்தது. உள்ளம் மகிழ்ந்தது.

மறுநாள் பூசை முடிந்ததும் ஒரு தாய் நம்மிடம் வந்தார். "சாமி, என் மகன் ஒரு நாளும் தவறாமல் வருகிறான். ஐந்தாம் வகுப்பும் முடியப்போகிறது. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான்" என்றார். நம்மிடம் விடை இல்லை. வந்தான் என்பது வேறு, கற்றான் என்பது வேறு. பதிவேடு முன்னதை மட்டுமே சொல்லும்.

இவ்விடத்தில் நம் மாநிலத்தின் பட்டறிவு ஒன்று கைகொடுக்கிறது. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் திறக்கப்படவில்லை. இழந்த கல்வியை மீட்க, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி வைக்கப்பட்டது. தன்னார்வலர் மாலைதோறும் தம் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

அதன் பயனைக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரீசியோ ரொமேரோ ஆகிய பொருளியல் அறிஞர் ஆராய்ந்தனர். தொற்றுக்கு முன்னரே, 2019-இல், தமிழகச் சிற்றூர்ப் பிள்ளைகளின் கல்வித் திறனை அளந்த கணக்கு அவர்களிடம் இருந்தது. அதனாலேயே இழப்பு எவ்வளவு, மீட்சி எவ்வளவு என்று கூற முடிந்தது. பள்ளி திறந்த ஆறு திங்களில் இழப்பின் மூன்றில் இரு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது. மீட்சி முழுவதையும் அத்திட்டத்தின் கணக்கில் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். திட்டம் வீண் என்று தள்ளியிருந்தாலும் பொய்யே.

நாமோ தொடக்க நிலையைக் குறித்து வைக்காமலே ஓராண்டைக் கழித்துவிட்டோம். அது இனிக் கிடைக்காது. ஆகவே இவ்வாண்டு புதிதாகத் தொடங்குகிறோம்.

முதலாவது, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, ஒரு சிறு பத்தியைப் படிக்கச் சொல்லி, நிலையைக் குறிப்போம். இரண்டாவது, மூன்று திங்கள் கழித்து அதே தரத்தில் வேறொரு பத்தியைத் தருவோம். வகுப்பு எடுப்பவரே தேர்வாளராய் இருத்தல் ஆகாது. மூன்றாவது, பகலில் பள்ளியிலும் பிள்ளைகள் கற்கின்றனர் அன்றோ? எனவே மாலை வகுப்புக்கு வராத, அதே நிலையில் உள்ள பிள்ளைகளையும், பெற்றோர் இசைந்தால், அவ்வாறே படிக்கக் கேட்போம். நான்காவது, இடையில் நின்றுவிட்டவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாமல், அவர்தம் வீடு சென்று காரணம் கேட்போம். நன்கு படிப்போர் மட்டும் எஞ்சினால் எந்த வகுப்பும் வெற்றி போலத் தோன்றும்.

விடை கசப்பாக இருப்பின்? கற்பிக்கும் முறையை மாற்றுவது என்று இப்போதே முடிவு செய்துவிட்டோம். முடிவு தெரிந்த பின் சாக்குத் தேடுவது மனித இயல்பு.

விழாவைத் தள்ளி வைத்துள்ளோம். அச்சிறுவனின் பெயருக்கு எதிரே, 'எழுத்துக் கூட்டுகிறான்' என்று எழுதியிருக்கிறோம். மூன்று திங்களுக்குப் பின் அங்கே எழுதப்படுவது எதுவாயினும், அதை அவன் தாய்க்கே முதலில் சொல்வோம்.