பொன் ஆணியும் இரும்பு ஆணியும்

பொன்னாலே ஓர் ஆணி! அதை அடிக்க வெள்ளி முலாம் பூசிய சம்மட்டி! அதைப் பிடித்த கரமோ, மலையைக் குடைந்த கரமல்ல. மாளிகையிலே வாழ்ந்த கரம்! 1869-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் யூட்டா பகுதியில், புரோமாண்டரி மேட்டிலே நடந்தது இந்த விழா. கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக் கம்பெனியும், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் கம்பெனியும் போட்டு வந்த இருப்புப்பாதைகள் அங்கே கூடின. வழிபாடு நடைபெற்றது. ஆணியின் மேலே, நாட்டின் ஒற்றுமையைக் கடவுள் காத்திட வேண்டும் என்ற வேண்டுதலைப் பொறித்திருந்தனர். கம்பெனி இயக்குநர்களின் பெயர்களையும் பொறித்திருந்தனர்.

ஆண்டவன் பெயருக்கு இடமிருந்தது. ஆள்பவர் பெயருக்கும் இடமிருந்தது. பாதை போட்ட பாட்டாளியின் பெயருக்கு மட்டும் இடமில்லை! ஏன் இல்லை என்று கேட்கிறோம்.

'முன்னேற்றத்தைக் குறை கூறுகிறீர்களா?' என்று கேட்போர் உளர். இல்லை, தோழர்களே! மாதக்கணக்கான பயணத்தை ஒரு வாரமாகச் சுருக்கிய அறிவியலை நாம் போற்றுகிறோம். புகைவண்டி நமக்குப் பகையன்று. அந்த வண்டியில் ஏற்றி அனுப்பப்படும் பொய்தான் பகை. 'நான்கு பெருமக்கள் கனவு கண்டார்கள், கண்டம் இணைந்தது' என்று ஏடுகள் எழுதுகின்றனவே, அந்தப் பொய்!

கனவு கண்டவர்கள் யார்? ஸ்டான்ஃபோர்டு, ஹண்டிங்டன், ஹாப்கின்ஸ், கிராக்கர் - சாக்ரமென்டோ நகரத்து வணிகர்கள் நால்வர். பணம் யாருடையது? பெரும்பகுதி, மக்களின் அரசு தந்தது! தெற்கு வழியா, வடக்கு வழியா என்று பல ஆண்டுகள் பூசல் நடந்தது. அடிமை முறையைக் காத்து நின்ற தென்னாட்டார் தம் பக்கமே பாதை வரவேண்டுமென்றனர். அவர்கள் பிரிந்து சென்று உள்நாட்டுப் போர் மூண்ட பிறகே, 1862-இல் லிங்கன் கையொப்பமிட, சட்டம் பிறந்தது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் மைலுக்கு 48,000 டாலர் மதிப்புள்ள அரசுக் கடன் பத்திரங்கள்! அதற்கு மேல், மைல்தோறும் நில மானியம். 1864-இல் அந்த மானியமும் இரட்டிப்பாயிற்று!

மலை எங்கே தொடங்குகிறது? மண்ணைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். பணத்தைப் பார்த்தவர்களுக்கு வேறுவிதமாகத் தெரிந்தது! உண்மையான அடிவாரத்துக்குப் பல மைல் முன்னாலேயே, சமதரையிலேயே, சியரா நெவாடா மலை தொடங்கிவிட்டதாக நிலநூல் அறிஞரிடம் கருத்துப் பெற்றனர், அரசும் ஏற்றது. மலையே நகர்ந்து வந்தது, மானியத்தை வாங்க!

கிழக்கே நடந்தது இதற்குச் சளைத்ததல்ல. யூனியன் பசிபிக் கம்பெனியை நடத்தியவர்களே கிரெடிட் மொபிலியர் என்ற கட்டுமானக் கம்பெனியையும் வைத்துக்கொண்டனர். வேலை கொடுப்பவரும் அவரே, வேலை எடுப்பவரும் அவரே, விலை வைப்பவரும் அவரே! வாய் மூட, சட்டமன்றத்தாருக்கு மலிவு விலையில் பங்குகள். 1872-இல் நியூயார்க் இதழொன்று திரையைக் கிழித்தது. அடுத்த ஆண்டு ஓக்ஸ் ஏம்ஸ் என்ற உறுப்பினர் கண்டிக்கப்பட்டார். கண்டனம்தான், தோழர்களே! சிறையல்ல.

இனி, உழைத்தவன் பக்கம் வருவோம். கிழக்கே ஐரிஷ் ஏழைகளும், போரிலிருந்து திரும்பிய வீரர்களும் பாடுபட்டனர். மேற்கே பாடுபட்டவர்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் சீனர். 1862-இல் கலிஃபோர்னிய ஆளுநராகப் பதவியேற்றபோது, ஆசிய இனத்தார் தாழ்ந்தவர், அவர்கள் குடியேறுவதைத் தடுக்கவேண்டும் என்று பேசியவர் ஸ்டான்ஃபோர்டு. மலை எதிரே நின்றதும், அந்தத் 'தாழ்ந்த' கரங்கள்தான் தேவைப்பட்டன!

உச்சிச் சுரங்கத்தின் நீளம் 1,659 அடி. முழுவதும் கருங்கல். உளியும் சம்மட்டியும் வெடிமருந்தும் கொண்டு குடைந்தால், ஒரு முகப்பில் நாளுக்கு ஓர் அடி நகர்வதே அரிது. பனிச்சரிவிலே கூடாரத்தோடு புதைந்தவர் உண்டு; அவர்கள் உடல் கிடைத்தது பனி உருகிய பிறகு! மாண்டவர் எத்தனை பேர்? கம்பெனி கணக்கு வைக்கவில்லை. கூலிப் பதிவேட்டிலும் பெரும்பாலும் மேஸ்திரியின் பெயர்தான். 1870-இல், ஏறத்தாழ 1,200 சீனரின் எலும்புகள், 20,000 பவுண்டு எடை, தாயகத்துக்குப் போவதாகச் சாக்ரமென்டோ இதழொன்று எழுதியது. பெயரைக் குறிக்காத நாடு, எடையைக் குறித்தது!

அவர்கள் ஊமைகளாகவா இருந்தனர்? இல்லை! 1867 ஜூன் 25-இல் மலையெங்கும் சம்மட்டி ஓய்ந்தது. மாதம் 40 டாலர் கூலி, சுரங்கத்திலே வேலை நேரக் குறைப்பு - கேட்டது இவ்வளவுதான். வெள்ளைத் தொழிலாளிக்குக் கம்பெனி சோறு போட்டது. சீனரோ தம் கூலியிலேயே உண்ணவேண்டும். கல்லெறி இல்லை, கலகம் இல்லை. கிராக்கர் என்ன செய்தார்? உணவு வண்டிகளை நிறுத்தினார்! துப்பாக்கி தேவைப்படவில்லை, பசியே போதுமானதாயிற்று. ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முறிந்தது. தோல்விதான். ஆனால், அடங்கிக் கிடந்த கூட்டம் என்று அவர்களை எழுதுபவன், வரலாறு எழுதவில்லை!

பாதை முடிந்த நாளில், ஒரு மேலாளர் சில சீனரைத் தம் பெட்டிக்கு அழைத்து விருந்தளித்தார். ஒரு வேளை உணவு! பிறகு வந்த பரிசுகளைக் கேளுங்கள்: 1882-இல், சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வரத் தடைச் சட்டம். அது நீங்கியது 1943-இல்! 1885-இல், வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நகரிலே, யூனியன் பசிபிக்கின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த சீனரில் 28 பேர் வெள்ளையர் கும்பலால் கொல்லப்பட்டனர். சமவெளியின் மண்ணுக்குரிய லகோட்டா, செயென் மக்களோ, பாதை வந்தபின் நிலமிழந்தனர். வாழ்வளித்த எருமைக் கூட்டமும் அழிந்தது. அவர்களைக் கேட்டு எழுதப்பட்டதா அந்தச் சட்டம்?

நூறாண்டு விழா 1969-இல் நடந்தது. அமைச்சர் ஒருவர் அமெரிக்கரின் ஆற்றலைப் புகழ்ந்தார். சீனரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தொழிலாளர் துறையின் பெருமைப் பட்டியலில் அவர்கள் இடம்பெற்றது 2014-இல். தானாக வந்ததா அது? அவர்கள் வழிவந்தோர் விடாது கேட்டனர், வந்தது.

ஒன்றை நினைவில் வையுங்கள், தோழர்களே! அந்தப் பொன் ஆணி பாதையிலே நிலைக்கவில்லை. விழா முடிந்ததும் பிடுங்கப்பட்டது. இன்று ஸ்டான்ஃபோர்டின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகக் காட்சியகத்தில் இருக்கிறது. அது இருந்த இடத்திலே சாதாரண இரும்பு ஆணி அடிக்கப்பட்டது. வண்டியைத் தாங்கியது அந்த இரும்புதான். 'இந்தப் பாலத்தை இன்னார் கட்டினார், இந்த அணையை இன்னார் எழுப்பினார்' என்று எவரேனும் சொல்லும்போது, கேளுங்கள்: கல் சுமந்தவன் பெயர் என்ன?