சிறகு உள்ளவர்கள் கற்ற பாடம்!

பொருட்காட்சி நடக்கிறது. ஊரே திரண்டிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ரத்தினம் பளபளக்கிறது. திடீரென்று ஒரு திருடன் அதைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். "ஐயோ, திருடன்!" என்று கூட்டம் அலறுகிறது. அந்த நேரத்தில் வானத்திலிருந்து இரண்டு உருவங்கள் சர்ரென்று இறங்குகின்றன. முதுகிலே சிறகு, முகத்திலே பருந்து முகமூடி. கண் மூடித் திறப்பதற்குள் திருடன் பிடிபடுகிறான். ஜனங்கள் கை தட்டுகிறார்கள்.

அமெரிக்கப் படக்கதைகளைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட காட்சி புதியது அல்ல. அந்தக் கதைகளில் வரும் பருந்து மனிதனும் பருந்துப் பெண்ணும் பெயர் பெற்றவர்கள். பருந்து மனிதன் 1940-ஆம் ஆண்டில் பிறந்தான். கதையை எழுதியவர் கார்ட்னர் பாக்ஸ். 1961-இல் அதே ஆசிரியர் அவனுக்குப் புதுக் கதை கொடுத்தார். ஜோ கூபர்ட் படம் வரைந்தார். அந்தப் புதுக் கதையில்தான் பெரியவர்களும் கவனிக்க வேண்டிய ஒரு நீதி இருக்கிறது.

திருட்டு அறியாத உலகம்

தானகார் என்பது கதையில் வரும் ஒரு தூர உலகம். அங்கே திருட்டு என்பதே கிடையாது. ஒரு நாள் வேற்று உலகப் பறவை மனிதர்கள் வந்து கொள்ளையடித்தார்கள். அவர்களை விரட்டிவிட்டார்கள். ஆனால் அவர்களிடம் கற்ற திருட்டுப் புத்தி, ஊராரில் சிலரிடம் தங்கிவிட்டது! திருடர்களை விரட்ட முடிந்தது. திருட்டை விரட்ட முடியவில்லை. அதனால்தான் அங்கே சிறகு அணிந்த போலீஸ் படை ஏற்பட்டது.

அந்தப் படையைச் சேர்ந்த கணவனும் மனைவியும்தான் நம் வீரர்கள். தப்பி ஓடிய ஒரு திருடனைத் துரத்திக்கொண்டு பூமிக்கு வந்தார்கள், பிடித்தார்கள். வந்த வேலை முடிந்தது. ஆனாலும் பூமியிலே தங்கினார்கள். ஏன் தெரியுமா? இங்கே உள்ள போலீசார் குற்றவாளிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கற்றுக்கொள்வதற்காக!

சிறகு உள்ளவர்கள், சிறகு இல்லாதவர்களிடம் மாணவர்களாக வந்தார்கள். கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பறக்கத் தெரியாத போலீசாருக்கு என்ன பலம்? விசாரணை பலம், சாட்சியின் பலம். "நான் பார்த்தேன்" என்று சொல்ல ஒருவர் முன்வந்தால், அதுவே அவர்களுக்குச் சிறகு. நூறு பேர் பார்த்திருந்தும் "நமக்கு ஏன் வம்பு?" என்று நகர்ந்துவிட்டால், திருடனுக்கு அல்லவா சிறகு முளைத்துவிடும்!

அடி உதை வேண்டாம்

இன்னொன்றும் உண்டு. 1954-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் படக்கதைகளுக்கு ஒரு கட்டுப்பாட்டு விதி வகுத்தார்கள். படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று அந்த நாட்டில் கூச்சல் எழுந்த காலம் அது. நன்மையே வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும், சட்டத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது விதி. 2011-இல் அந்த ஏற்பாடு மறைந்துவிட்டது. ஆனால் அதில் உள்ள நியாயம் மறையலாமா?

கூட்டத்தில் ஒருவன் பிடிபட்டால் ஆளுக்கு ஓர் அடி கொடுப்பது வீரம் அல்ல. அவன் குற்றவாளிதானா என்று யாருக்குத் தெரியும்? தவறான ஆள் அடிபட்டு உயிர் விட்டால், ரத்தினத்தை மீட்கலாம். உயிரை மீட்க முடியுமா? பிடித்துப் போலீசாரிடம் ஒப்படைப்பதுதான் முறை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பருந்து மனிதனைத் தூக்கி நிறுத்துவது அவன் சிறகு அல்ல. எடையைப் போக்கும் ஓர் உலோகம் என்று கதை சொல்கிறது. அந்த உலோகம் கதையில்தான் உண்டு. துண்டை முதுகில் கட்டிக்கொண்டு மாடியில் ஏறும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். கதையைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் வீரர்கள் வரமாட்டார்கள். திறந்த கண், பயப்படாத வாய், அடிக்கத் துடிக்காத கை — இந்த மூன்றும் இருந்தால் போதும். எந்தக் கூட்டத்திலும் திருடன் நெடுந்தூரம் ஓட முடியாது!