கலங்கிய குளமும் குளோரின் டப்பாவும்

நீச்சல் குளத்துத் தண்ணீர் கலங்கிப்போனால் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் குளோரின் டப்பாவைத் தேடுவதுதான். இரண்டு கை அள்ளிப் போடுவார்கள். மறுநாளும் தெளியவில்லையா, நான்கு கை. மூன்றாம் நாள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழு கூடும். குளத்தைக் கவனிக்கும் ஊழியரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும். பம்ப் அறையின் மூலையில் ஓசைப்படாமல் நிற்கும் மணல் வடிகட்டியை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பெங்களூரு, புனே, ஹைதராபாத், குருகிராம் என்று எந்த ஊரை எடுத்தாலும் புதிய குடியிருப்புகளின் விளம்பரத்தில் நீலக் குளம் கட்டாயம் இருக்கிறது. அதைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் எல்லா இடத்திலும் இல்லை. உலகமே பார்த்துக்கொண்டிருந்த குளத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் மாதம் ரியோ ஒலிம்பிக்ஸில் டைவிங் குளம் பச்சையாக மாறியது. பக்கத்தில் இருந்த வாட்டர் போலோ குளமும் அதைப் பின்தொடர்ந்தது. போட்டியாளர்கள் கண் எரிகிறது என்றார்கள். அமைப்பாளர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் உண்மை வெளிவந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார். அது குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது, பாசி பெருகிவிட்டது. குளோரின் இருப்பதாகவே மின்னணுக் கருவி காட்டிக்கொண்டிருந்தது என்றும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவரையொருவர் நீருக்கடியில் பார்த்தபடி நீந்தவேண்டிய ஒத்திசைவு நீச்சலுக்காக, சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணீரை வெளியேற்றிவிட்டு வேறு தண்ணீர் நிரப்பவேண்டி வந்தது.

ரியோவில் போனது மானம் மட்டும்தான். 2011 ஜூன் மாதம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்ற ஊரில் நடந்தது அப்படியல்ல. அங்கே ஒரு பொது நீச்சல் குளத்தில் 36 வயதுப் பெண் ஒருவர் மூழ்கினார். தண்ணீர் கலங்கியிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. குளம் வழக்கம்போலத் திறந்திருந்தது. மக்கள் வந்து நீந்திவிட்டுப் போனார்கள். நகரின் சுகாதார ஆய்வாளர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கண்டெடுக்கப்பட்டது. உயிர்காப்பாளர்கள் பணியில் இருந்த குளம் அது. கலங்கிய தண்ணீரில் அவர்கள் இருந்தும் பயனில்லை.

எனவே கலங்கல் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைப்பதை முதலில் விட்டுவிட வேண்டும். குளத்தின் கரையில் நின்று பாருங்கள். மிக ஆழமான இடத்தில் அடிமடையின் மூடி பளிச்சென்று தெரிகிறதா? தெரியாவிட்டால் குளத்தைப் பூட்டிவிட வேண்டும். 'மெதுவாகத் தெளிந்துவிடும், குழந்தைகள் ஆழமில்லாத பக்கம் விளையாடட்டும்' என்ற சமரசம் கூடாது. முங்கிப்போகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. கண்ணுக்குத் தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும்.

பூட்டிய பிறகு காரணத்தைத் தேடலாம். முதலில் கேட்கவேண்டியது, பம்ப் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பது. 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி ஒன்றேகால் மீட்டர் ஆழம் உள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 90,000 லிட்டர். பம்ப் மணிக்கு 15,000 லிட்டர் இறைத்தால் ஒரு சுற்றுக்கு ஆறு மணி நேரம். ஆனால் ஒரு சுற்று முடிந்தால் தண்ணீர் முழுவதும் வடிகட்டப்பட்டதாக அர்த்தமில்லை. வடிகட்டிய தண்ணீர் மறுபடியும் அதே குளத்தில்தானே விழுகிறது. அழுக்குத் தண்ணீரோடு கலந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் முதல் சுற்றில் 63 சதவீதம், இரண்டாவதில் 86, மூன்றாவதில் 95, நான்காவதில் 98 சதவீதம் தண்ணீர்தான் ஒருமுறையாவது மணலைக் கடந்திருக்கும். மின்கட்டணத்துக்குப் பயந்து நான்கு மணி நேரம் மட்டும் பம்பை ஓட்டினால், அன்று ஏறக்குறைய பாதித் தண்ணீர் வடிகட்டியின் முகத்தையே பார்ப்பதில்லை. அப்புறம் எத்தனை டப்பா குளோரின் கொட்டினால் என்ன?

அடுத்தது அழுத்தமானி. வடிகட்டியின் தலையில் இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தில் முள் நின்றுபோயிருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது. விலை அதிகமில்லை. மணலைக் கழுவிய உடனே முள் எங்கே நிற்கிறது என்று பக்கத்துச் சுவரிலேயே எழுதிவையுங்கள். அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் பேக்வாஷ் செய்யவேண்டிய நேரம் வந்துவிட்டது. முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால் வடிகட்டி மேல் தப்பில்லை. பம்புக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை. முடியும் இலையும் அடைத்துக்கொண்டிருக்கும் கூடையைத் திறந்து பாருங்கள். குளத்துக்குள் திரும்பி வரும் தண்ணீரில் காற்றுக் குமிழிகள் வந்தால் உறிஞ்சு குழாயில் எங்கோ காற்று புகுகிறது.

பேக்வாஷ் செய்வதிலும் இரண்டு தவறுகள் சகஜம். முதலாவது, பம்பை நிறுத்தாமல் வால்வின் கைப்பிடியைத் திருப்புவது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பிய்ந்துவிடும். பிறகு தண்ணீரில் ஒரு பகுதி மணலுக்குள் போகாமலே குறுக்கு வழியில் குளத்துக்குத் திரும்பிவிடும். வெளியில் பார்த்தால் எல்லாம் ஓடுவதுபோலவே தெரியும். குளம் மட்டும் தெளியாது. இரண்டாவது, இரண்டு மூன்று நிமிடம் பேக்வாஷ் முடிந்ததும் ரின்ஸ் என்ற நிலையில் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓட்டாமல் நேராக ஃபில்டருக்குத் திருப்புவது. கிளறிவிட்ட அழுக்கு அப்படியே குளத்தில் வந்து விழும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தெளிவாக வரும்வரை பொறுமை வேண்டும்.

அதற்காகத் தினமும் பேக்வாஷ் செய்வதும் நல்லதல்ல. சுத்தமான மணலைவிடக் கொஞ்சம் அழுக்குப் படிந்த மணல்தான் நன்றாக வடிகட்டும். மணிகளுக்கு இடையே உள்ள சந்துகளை அந்த அழுக்கே குறுக்கிவிடுகிறது. மணல் வடிகட்டி பிடிப்பது சுமார் 20 முதல் 40 மைக்ரான் அளவுள்ள துகள்களை. அதைவிட நுண்ணியவை தப்பிவிடும். வீடு பெருக்குகிற ஆவலில் தினமும் மணலைக் கழுவுகிறவர் தண்ணீரையும் வீணாக்குகிறார், வடிகட்டியையும் பலவீனமாக்குகிறார்.

மணலுக்கும் ஆயுள் உண்டு. ஐந்து முதல் ஏழு வருடம் என்பது பொதுவான கணக்கு. உடம்பில் பூசிய எண்ணெய், வியர்வை, போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து மணலைக் கட்டிகட்டியாக்கிவிடும். அப்போது தண்ணீர் கட்டிகளின் ஓரமாகத் துளை போட்டுக்கொண்டு ஓடிவிடும். மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தால் தெரியும். மாற்றும்போது, மாடியில் கட்டட வேலைக்கு வந்த மணலைக் கொட்டி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சலித்துக் கழுவிய, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் அளவுள்ள சிலிக்கா மணல்தான் வேண்டும். குளத்தின் தரையில் மணல் வந்து விழுந்தால் வடிகட்டியின் அடியில் இருக்கும் சல்லடைக் குழாய் எதுவோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

வடிகட்டி நன்றாக இருந்தும் குளம் பால் கலந்ததுபோல் இருக்கிறதா? இப்போதுதான் ரசாயனத்தின் பக்கம் திரும்பவேண்டும். நம் ஊர்களில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது. அதில் பிளீச்சிங் பவுடரை அப்படியே தூவினால் அதிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்துகொள்ளும். ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்துச் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். தெளிந்தால் கலங்கலுக்குக் காரணம் சுண்ணாம்பு. தெளியாவிட்டால் பாசியோ அழுக்கோ. பிளீச்சிங் பவுடர் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றலாம்.

பி.எச். அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையே இருக்கவேண்டும். 7.5-இல் குளோரினில் பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8.5-க்கு ஏறிவிட்டால் பத்தில் ஒரு பங்குதான். மீதி தூங்கிக்கொண்டிருக்கும். குளோரின் போட்டும் பாசி வளர்கிறதே என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைச் சோதிக்கவேண்டும். மூக்கைத் துளைக்கும் 'குளோரின் வாடை' வந்தால் குளோரின் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர் எதிர். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த குளோரின்தான் அந்த வாடையைக் கிளப்புகிறது. குளிக்காமல் குளத்தில் இறங்குகிற பெரிய மனிதர்களுக்கும் இதில் பங்குண்டு.

குளோரின் மாத்திரைகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டி.சி.சி.ஏ. வகை மாத்திரையில் சயனூரிக் அமிலம் உண்டு. வெயிலில் குளோரின் வீணாகாமல் அது காக்கும். ஆனால் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே போனால் குளோரினின் வேகத்தை அதுவே குறைத்துவிடும். மணல் அதைப் பிடிக்காது, வெயிலில் அது ஆவியாகாது. குளத்தில் ஒரு பகுதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதே வழி.

கிராமத்தில் பானைத் தண்ணீர் கலங்கினால் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைப்பார்கள். குளத்துக்கு அந்த வேலையைச் செய்வது படிகாரம். நுண்ணிய துகள்களைத் திரட்டி அடியில் இறக்கிவிடும். ராத்திரி கரைத்து ஊற்றிப் பம்பை நிறுத்திவிட வேண்டும். காலையில் அடியில் படிந்திருப்பதை வால்வை 'வேஸ்ட்' நிலையில் வைத்து உறிஞ்சி நேராக வெளியே அனுப்பவேண்டும். வடிகட்டி வழியாக உறிஞ்சினால் மணலும் அடைத்துக்கொள்ளும், கலங்கலும் குளத்துக்கே திரும்பும்.

தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் என்றும் எண்ணிவிடக் கூடாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியின் அளவு 4 முதல் 6 மைக்ரான். மணலுக்குத் தப்பிவிடும். சரியாகக் குளோரின் கலந்த தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல்கூட உயிரோடு இருக்கும். அதனால் வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைக் குளத்தில் இறக்கவே கூடாது. இதற்கு எந்த வடிகட்டியும் மாற்றாகாது.

இத்தனையையும் செய்யவேண்டியவர் யார்? எல்லோரும் 'தம்பி' என்று கூப்பிடும் அந்த ஊழியர். பல இடங்களில் அவருக்குக் கையுறை இல்லை, கண்ணாடி இல்லை, பயிற்சியும் இல்லை. அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்தால் விஷவாயு கிளம்பும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். பவுடரைத் தண்ணீரில் போடவேண்டும், பவுடரின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும்தான்.

நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு யோசனை. பம்ப் அறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். தினமும் ஐந்தே விஷயங்கள்: பம்ப் ஓடிய நேரம், அழுத்தம், குளோரின், பி.எச்., அடிமடை தெரிகிறதா இல்லையா. குளம் ஒரே நாளில் கெடுவதில்லை. எந்த நாளில் எது மாறியது என்று அந்த நோட்டைப் புரட்டினாலே பாதிப் பிரச்சினைக்கு விடை கிடைக்கும். அதோடு, ஐந்தாவது கேள்விக்குப் பதில் 'இல்லை' என்றால் யாரையும் கேட்காமல் குளத்தைப் பூட்டும் அதிகாரத்தையும் அந்த ஊழியருக்கே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடியிருப்போர் சண்டைக்கு வரத்தான் செய்வார்கள். வரட்டும்.