கட்டில் இல்லாத வீட்டில் கட்டிலோரத் தொட்டில்

ஒரு பெண் பிள்ளை உண்டாகியிருப்பதைச் சொந்தக்காரர்களுக்கு முன்பே அவள் கைபேசி மோப்பம் பிடித்துவிடுகிறது. வளைகாப்பு வருவதற்குள் விளம்பரங்கள் வந்துவிடும். அதில் இப்போது அதிகம் தென்படுவது கட்டிலோரத் தொட்டில். தாயின் கட்டிலை ஒட்டி நிற்கும்; கட்டில் பக்கத்து வலைத்தடுப்பைத் தாழ்த்திவிட்டால் எழுந்திருக்காமலே கையை நீட்டிப் பிள்ளையைத் தொடலாம், பாலுக்கு அழுதால் பக்கத்தில் இழுத்துக்கொள்ளலாம். விலை பல ஆயிரம் ரூபாய். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ கடையில் இல்லாவிட்டால் என்ன, கூரியர்க்காரர் அனந்தபுரத்துக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

எந்தத் தொட்டில் நல்லது என்று அலசுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அதை எதன் ஓரத்தில் நிறுத்துவது? செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, பனைமலை பக்கத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் பாய் விரித்துத் தரையில் படுக்கும் வீடுகள் எத்தனையோ. வீட்டில் ஒரு கட்டில் இருந்தாலும் அதில் தாத்தா படுத்திருப்பார், அல்லது அதன்மேல் நெல் மூட்டை இருக்கும்.

இதைச் சொல்வது அந்தப் பண்டத்தைக் கேலி செய்வதற்காக இல்லை. அதற்குப் பின்னால் இருக்கும் மருத்துவ அறிவுரை உறுதியானது. 1980கள்வரை மேலைநாடுகளில் கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. மருத்துவர்களே அதைச் சொன்னார்கள். நன்றாகப் பால் குடித்துத் தூங்கிய பிள்ளை காலையில் எழவில்லை என்ற செய்திகள் பெருகிய பிறகுதான் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள், குப்புறப் படுப்பதே பெரிய ஆபத்து என்று தெரிந்தது. பிரிட்டன் 1991இலும் அமெரிக்கா 1994இலும் பிள்ளையை மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று நாடு தழுவிய இயக்கம் நடத்தின. அமெரிக்காவில் இந்தத் திடீர்ச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. மருந்து இல்லை, ஊசி இல்லை, படுக்கும் வாகு ஒன்றுதான் மாறியது. குழந்தை மருத்துவர்களுக்கான அமெரிக்க அமைப்பு 2022இல் புதுப்பித்த அறிவுரையும் இதே தடத்தில்தான் போகிறது: மல்லாக்கப் படுக்கவேண்டும், படுக்கை சமதளமாக, கெட்டியாக இருக்கவேண்டும், தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது, முதல் ஆறு மாதமாவது தாய் படுக்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில்.

கடைசி வரிதான் நம் வீடுகளில் இடறும். தாயை விட்டுப் பிள்ளையைத் தனியே போடு என்றால் எந்த அம்மாயி ஒத்துக்கொள்வாள்? "பச்ச ஒடம்பு, அணைச்சிக்கினு படுடி" என்றுதான் சொல்வாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. சேர்ந்து படுப்பது ஆபத்து என்று காட்டும் கணக்குகள் பெரும்பாலும் அழுந்தும் மெத்தை, கனத்த ரஜாய், சோபாவில் கண்ணயர்வது, புகை, மது எல்லாம் சேர்ந்த வீடுகளிலிருந்து வந்தவை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் பாகிஸ்தான் வழிக் குடும்பங்களிடையே பிள்ளையோடு சேர்ந்து படுப்பது சாதாரணம். வெள்ளையர் வீடுகளைவிட அங்கே இத்தகைய சாவு குறைவு என்பதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார்களில் புகைப்பவர்களும் குடிப்பவர்களும் மிகக் குறைவு.

ஆனால், இதை வைத்துக்கொண்டு நமக்குக் கவலையே இல்லை என்று படுத்துத் தூங்கிவிடவும் முடியாது. இந்தியாவில் எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்குப் பதினெட்டு என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சேர்ந்து படுப்பதில் அதிக ஆபத்து இந்தப் பிள்ளைகளுக்குத்தான். குறைமாதத்தில் பிறந்தவற்றுக்கும் அப்படியே. அறைக்குள் பீடி புகைக்கும் ஆள் இருந்தால் ஆபத்து ஏறும். குடித்துவிட்டு வந்து அதே பாயில் சாய்பவர் இருந்தால் இன்னும் ஏறும். விழுப்புரம் மாவட்டத்தில் இந்தக் குடியைப் பேசாமல் குழந்தைப் பாதுகாப்பு பேசுவது பாசாங்கு. அம்மாவையே அறிவுறுத்திக்கொண்டிருக்கும் நாம், பிள்ளை படுக்கும் பாயில் குடித்துவிட்டுப் படுக்காதே என்று அப்பனிடம் சொல்ல ஏனோ தயங்குகிறோம்.

இனி ஏணை. தெற்கே தூளி என்பார்கள். விட்டத்திலோ கொக்கியிலோ அம்மாவின் பழைய நூல் சேலை, உள்ளே பிள்ளை, துணி மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவே ஒரு கட்டை. கூரை வீட்டுக்கும் மண் தரைக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை எந்தப் பொறியாளரும் செய்திருக்க முடியாது. எறும்பு, தேள், எலி, இரவில் தரையோடு ஊர்ந்து வரும் கட்டுவிரியன், மழைக்கு ஊறும் ஈரம் எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளை தொங்குகிறது. காற்றோட்டம் உண்டு, நனைந்தால் அவிழ்த்துத் துவைத்துவிடலாம், காசு செலவில்லை. அடுப்படியில் இருந்தபடியே கயிற்றை இழுத்து ஆட்டலாம்.

அதன் பிழை அதன் வடிவத்தில் இருக்கிறது. துணி வளையும்போது பிள்ளையின் முதுகும் வளைகிறது, முகவாய் நெஞ்சில் இடிக்கிறது. பிறந்த குழந்தையின் தலை உடம்பின் அளவுக்குப் பெரியது, கழுத்துக்கு அதைத் தூக்கி நிமிர்த்தும் வலு கிடையாது. மூச்சுக்குழாயோ மெல்லியது, மடங்கினால் அடைபடும். இரண்டு மூன்று மாதம் கழித்துப் புரளத் தொடங்கும் பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்தால் முகம் துணியில் பதியும், திரும்பி வரச் சமதளம் இல்லை. இது வெறும் ஊகமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒன்று. அங்கே 'ஆம்பி' என்ற பெயரில் ஸ்டாண்டில் ஸ்பிரிங் மாட்டித் துணித்தொட்டில் விற்றார்கள். நம் சந்தையில் விற்கும் ஸ்பிரிங் தொட்டிலுக்கு அண்ணன் தம்பி உறவு. நான்கு, ஐந்து மாதக் குழந்தைகள் இரண்டு மூச்சுத்திணறி இறந்த பிறகு, 2009 டிசம்பரில் ஏறக்குறைய 24,000 தொட்டில்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். தொட்டில் பக்கவாட்டில் சரியும்போது பிள்ளை உருண்டு துணியில் சிக்கிக்கொள்கிறது என்பது அவர்கள் கண்ட காரணம்.

ஏணை இன்னொரு விதத்திலும் உயிர் குடிக்கிறது, அதைத்தான் நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். பிள்ளையை எடுத்தபின் தொங்கும் சேலையில் ஐந்து, ஆறு, பத்து வயதுப் பிள்ளைகள் ஏறிச் சுற்றி விளையாடும்போது துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கிவிடுகிறது. வீட்டில் ஆள் இல்லாத பகல் பொழுதில் நடக்கும் சாவு இது. பிள்ளையை எடுத்ததும் ஏணையை அவிழ்த்துவிட வேண்டும், அல்லது எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்ட வேண்டும். அரை நிமிட வேலை.

என் கருத்தில், ஏணையை ஒழிக்கச் சொல்வது வீண் வேலை. பகலில், பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு முன்னால், ஆட்டித் தூங்கவைக்க அது இருக்கட்டும். தூங்கியதும் எடுத்துச் சமதளத்தில் போட்டுவிடலாம். வீடே தூங்கும் இரவுக்கு அது வேண்டாம்.

அப்படியானால் இரவில் எங்கே? கோரைப்பாய், அதன்மேல் நாலாக மடித்த பழைய வேட்டி. சமதளம், கெட்டி என்று 2022 அறிவுரை கேட்கும் இரண்டையும் இது எளிதாகத் தேறிவிடும். தோற்றுப்போவது சீராக வரும் இலவம்பஞ்சு மெத்தைதான். தலை உருண்டையாக வரவேண்டுமென்று வைக்கும் கேழ்வரகு, கடுகுத் தலையணைகளும் சுற்றிலும் அண்டக்கொடுக்கும் உருளைத் தலையணைகளும் அப்படியே. தலை உருண்டையாக வர, விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம் கண்ணெதிரே குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டினால் போதும். மல்லாக்கப் போட்டால் கக்கிய பால் புரையேறிவிடும் என்ற பயமும் தேவையில்லை. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன; பால் மேலேறிப் போவது கடினம். பூச்சிபொட்டுக்கு, பாயின் அடியில் நாலு பக்கமும் செருகிய கொசுவலை. கட்டுவிரியன் கடியைத் தடுக்க மருத்துவர்கள் சொல்லும் வழியும் இதுதான். தாயின் பாயும் பிள்ளையின் படுக்கையும் கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. மே மாதத்தில் இந்த ஊர் வெயிலுக்குப் பிள்ளைக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் மாட்டி, மின்விசிறியையும் நிறுத்தி வைப்பதை யார் தொடங்கிவைத்தார்களோ. உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவதும் இந்தத் திடீர்ச் சாவுக்கு ஒரு காரணம்.

இந்த இடத்தில் கட்டிலோரத் தொட்டிலுக்காகவும் பேச வேண்டும். தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் அறுவைச் சிகிச்சை என்கிறது அதே குடும்பநலக் கணக்கெடுப்பு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தனியாரிலோ வயிற்றில் தையலோடு வீடு திரும்பும் பெண்ணுக்குத் தரையில் உட்கார்ந்து எழுவதே வதை. இரவில் நாலைந்து முறை குனிந்து பிள்ளையைத் தூக்கச் சொல்வது கொடுமை. அவளுக்குக் கட்டில் வேண்டும். கட்டிலின் உயரத்துக்குப் பிள்ளையும் வேண்டும். வசதி இருந்து வாங்குகிறவர்கள் நிறத்தையும் சக்கரத்தையும் விட்டுவிட்டு வேறு சிலவற்றைப் பார்க்கட்டும். தொட்டில் கட்டிலோடு பட்டையால் இறுக்கமாகக் கட்டப்பட வேண்டும், நடுவில் இடுக்கு விழக்கூடாது. பிள்ளை உருண்டு அந்த இடுக்கில் சிக்குவதுதான் இந்த வகையின் தனி ஆபத்து. நம் மரக்கட்டில்கள் பல உயரம் கூடியவை, கயிற்றுக் கட்டில்கள் நடுவில் தொய்பவை. இரண்டோடும் இது பொருந்தாது. தாழ்த்திய பக்கத்திலும் சிறு தடுப்பு மிஞ்சியிருக்க வேண்டும். ஐரோப்பாவில் 2019இல் வந்த தரநிலை அதைக் குறைந்தது 120 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறது. கம்பி வைத்ததானால் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்குமேல் நுழைந்தால் வேண்டாம். பரணில் கிடக்கும் பாட்டன் காலத்து மரத்தொட்டிலைத் தூசி தட்டி எடுப்பவர்கள் பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்; பெயின்டில் ஈயத்துக்கு இங்கே கடுமையான உச்சவரம்பு வந்ததே 2017 நவம்பரில்தான்.

சாய்வாக ஆடும் படுக்கைகளைத் தொடவே வேண்டாம். பெரிய பொம்மை நிறுவனமான ஃபிஷர் பிரைஸ் 2009 முதல் விற்ற அத்தகைய சாய்வுப் படுக்கை 47 லட்சத்தையும் 2019இல் திரும்பப் பெற நேர்ந்தது. பத்து ஆண்டு காலம் அது வீடுவீடாக நம்பிக்கையோடு வாங்கப்பட்டது. பின்னர் அந்த வகையையே அமெரிக்கச் சட்டம் தடை செய்தது. நம் இணையக் கடைகளில் இத்தகைய சாய்வுப் பண்டங்களைத் தேடினால் இன்றும் வரிசையாக வந்து நிற்கும்.

அரசிடம் வருவோம். தமிழகத்தில் பிரசவம் ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. 2020 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறப்பது நாட்டில் 28, இங்கே 13. மிஞ்சியிருக்கும் சாவுகளில் பெரும்பங்கு குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், தொற்று. தூக்கத்தில் போகும் உயிர் எத்தனை என்பது தெரியவர வழியே இல்லை. 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 சதவீதம் மட்டும். வீட்டில் இறந்த கைக்குழந்தைக்கு 'பால் புரையேறிவிட்டது' என்பதோடு கதை முடிந்துவிடும்.

தமிழக அரசு 2015இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள். சோப்பு, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பையோடு குழந்தைக்கு ஒரு மெத்தையும் கொசுவலையும் உண்டு. அந்த மெத்தை எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும், எங்கே விரிக்கவேண்டும், பிள்ளையை எப்படிப் போடவேண்டும் என்று படம் போட்ட ஒரு தாளும் கூடவே இருந்தால் அதன் பயன் பலமடங்கு. பின்லாந்து 1938 முதல் தாய்மார்களுக்கு இப்படி ஒரு பெட்டி கொடுக்கிறது. காலி செய்தபின் அந்த அட்டைப்பெட்டியே, அடியில் மெத்தையோடு, பிள்ளையின் முதல் படுக்கை.

நமக்கு இன்னும் பொருத்தமானது நியூசிலாந்தில் இருக்கிறது. அங்கே மாவோரிப் பழங்குடித் தாய்மார்கள் பிள்ளையோடுதான் படுப்போம் என்று பிடிவாதமாக நின்றார்கள். அதிகாரிகள் அவர்களைத் திட்டிப் பார்த்து ஓய்ந்தபின், 2006 வாக்கில் மாவோரி மருத்துவர்களும் நெசவுக்காரர்களும் சேர்ந்து உள்ளூர் நார்ச்செடியில் தாழ்ந்த விளிம்புள்ள ஒரு கூடையை முடைந்தார்கள். 'வஹாக்குரா' என்று பெயர். தாயின் படுக்கையிலேயே வைக்கலாம், பிள்ளை தன் விளிம்புக்குள் தனியே கிடக்கும். 2017இல் வெளியான ஆய்வில் சுமார் 200 குடும்பங்களில் பாதிப் பேருக்குக் கூடையும் மீதிப் பேருக்குத் தொட்டிலும் கொடுத்துப் பார்த்தபோது, கூடையால் ஆபத்து கூடவில்லை. ஆறாம் மாதத்தில் முழுத் தாய்ப்பால் கொடுத்தவர்கள் கூடைக்காரர்களிடையே அதிகம்.

அனந்தபுரத்திலிருந்து வந்தவாசி தூரமில்லை; கோரைப்பாய்க்குப் பெயர்போன ஊர். ஒரு சாண் விளிம்பு வைத்த, அடி தட்டையான, கழுவி வெயிலில் காயவைக்கக்கூடிய கோரைத் தொட்டில் ஒன்றுக்கு அளவும் தரமும் குறித்துக் கொடுப்பது அரசின் மருத்துவப் பணிகள் கழகத்துக்குப் பெரிய வேலை இல்லை. முதலில் முண்டியம்பாக்கம் பிரசவ வார்டில் எடை குறைந்த பிள்ளைகளின் தாய்மார்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். அங்கிருந்து தாய் சேய் நல ஊர்தியில் ஏற்றி அனுப்பும்முன் செவிலியர், "ராத்திரி நீ எங்கம்மா படுப்ப, பக்கத்துல யாரு?" என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியர் எடை பார்க்கும் கையோடு பிள்ளை படுக்கும் இடத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம். அப்போது அப்பன்காரர் வீட்டில் இருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது நல்லது.