பல்தானே என்று சொல்லாதீர்!



மூன்றாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் பற்களைப் பற்றிக் கற்பிக்கிறோம். பால்பற்கள் 20, நிலைப்பற்கள் 32 என்று மாணவர்கள் தடையின்றி ஒப்புவிக்கிறார்கள். வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் எனப் படம் வரைந்து பெயரும் எழுதுகிறார்கள். நன்று! ஆனால், அந்த 32இல் ஒன்று பள்ளித் திடலில் வேரோடு விழுந்து கிடந்தால் என்ன செய்வது? இதை நாம் மாணவருக்குச் சொல்லித் தருவதில்லை; நமக்கே தெரிந்தால் அல்லவா சொல்லித் தருவதற்கு!

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், புறப்பாட நடவடிக்கையின்போது, பத்து வயது மாணவன் ஒருவனின் மேல்வரிசை முன்பல் மற்றவனின் முழங்கை பட்டுத் தெறித்து விழுந்தது. நான் அதனை எடுத்துக் குழாயடியில் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவினேன். தாளில் சுற்றி அவன் சட்டைப்பையில் வைத்தேன். பெற்றோர் வரும்வரை காத்திருந்தேன். பல் மருத்துவரிடம் போய்ச் சேர இரண்டு மணி நேரமாயிற்று. "இதைத் தேய்த்துக் கழுவியது யார்?" என்று அவர் கேட்டபோது நான் தலைகுனிந்து நின்றேன்.

செய்தவை அனைத்தும் தவறு. பல்லின் வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் உயிரணுக்கள் உள்ளன. அவை உயிரோடிருந்தால்தான் பல் மீண்டும் எலும்போடு முறையாக ஒட்டும். வெளியே காய்ந்து கிடந்தால், ஏறத்தாழ 60 நிமிடங்களில் அவை மடிந்துவிடும். முதல் 15 நிமிடங்களே பொன்னான நேரம். நான் தேய்த்து அழித்தது அழுக்கை மட்டுமன்று; அந்த உயிரணுக்களையுந்தான்.

செய்ய வேண்டியவை இவையே:

1. பல்லின் வெண்ணிறத் தலைப்பகுதியை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடக்கூடாது.

2. அழுக்கிருந்தால் பாலிலோ உப்புநீர்க் கரைசலிலோ மெதுவாக அலச வேண்டும். தேய்த்தலும் சவர்க்காரமும் வேண்டா.

3. மாணவன் தன்னினைவோடு இருந்தால், பல்லை உடனே அதன் குழியில் பொருத்தி, தூய கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்யலாம்.

4. அதற்குத் துணிவில்லையேல், பல்லைக் குளிர்ந்த பாலில் இட வேண்டும். தேநீருக்கு ஊற்றும் கெட்டிப்பால் அன்று, வெறும் பசும்பால். பால் இல்லையேல் அவனுடைய உமிழ்நீரிலேயே இடலாம்.

5. உடனே பல் மருத்துவரிடம் விரைய வேண்டும். மயக்கமோ கடுமையான தலைக்காயமோ இருந்தால் மருத்துவமனையே முதன்மை.

பால்பல்லை மட்டும் மீண்டும் பொருத்தக்கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல்லுக்கு அது கேடு. எந்தப் பல் என்ற ஐயமா? பாலில் இட்டுக் கொண்டு செல்லுங்கள். நம் பாட்டிமார் கூரைமேல் எறியச் சொன்னது பால்பல்லைத்தான். சுருங்கச் சொன்னால், பால்பல்லுக்குக் கூரை, நிலைப்பல்லுக்குப் பால்!

"நாம் மருத்துவரா? ஏதேனும் ஆகிவிட்டால் பெற்றோர் வழக்குத் தொடுப்பார்களே!" எனச் சிலர் வினவலாம். பல்லைப் பொருத்த அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால், ஒரு குவளைப் பாலில் இடுவதற்குமா அச்சம்? ஒன்றும் செய்யாமல் கைகட்டி நிற்பதுதான் உண்மையில் பொறுப்பற்ற செயல். தோட்டப்புறப் பள்ளிகளிலிருந்து பல் மருத்துவரை அடையவே அரைமணி நேரம் போய்விடும். அந்த நேரம் யாருடையது?

"ஒரு பல்தானே!" என்போருக்கும் ஒரு சொல். தாடை வளர்ச்சி முடியும்வரை சிறுவனுக்குச் செயற்கை வேர்ப்பல் பதிக்க இயலாது. பல ஆண்டுகள் கழற்றி மாட்டும் பல்லோடு அவன் காலம் தள்ள வேண்டும். தகரமும் நகரமும் நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடப் பிறப்பவை என்று இலக்கணம் கற்பிப்பவர்கள் நாம். என் மாணவன் அதன்பின் வாசிக்க எழுந்தபோதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டான். பின்னர் எழுவதையே நிறுத்திவிட்டான். கதை சொல்லும் போட்டிக்கு நான் பெயர் எழுதி வைத்திருந்த பிள்ளை அவன்!

1949இலேயே பினாங்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கெனப் பல் தாதியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய நாடு நம் நாடு. பல் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில், ஆசிரியர்களுக்காகப் பத்தே நிமிடம் கேட்டுப் பெறுவது கடினமா? முதலுதவிப் பெட்டியில் ஒரு புட்டி உப்புநீர்க் கரைசல் வைப்பதும், விளையாட்டுப் போட்டி நாளில் ஒரு பொட்டலம் பால் ஆயத்தமாக வைப்பதும் பெருஞ்செலவா?

தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, அடுத்த கூட்டத்திலேயே இதனைப் பேசுங்கள். அறியாமல் நான் செய்த பிழையை, அறிந்தபின் எவரும் செய்ய வேண்டா.