கம்பெனி மட்டும்தான் வேறே!

"அதே மருந்துதான் சார், கம்பெனி மட்டும்தான் வேறே" என்று பெரம்பலூரில் மருந்துக் கடைப் பையன் சொன்னான். நம்பி தைராய்டு மாத்திரையை வாங்கி வந்தேன். ஒரு மாதத்துக்குள் நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், ராத்தூக்கமும் போச்சு. வயசாகிவிட்டது என்றார்கள் வீட்டில். வயசு ஒரே மாதத்திலா வரும்?

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்நாட்டுச் செய்திகளை இன்றும் வாசிப்பேன். 2017 மார்ச்சில் அங்கே மெர்க் கம்பெனி, லெவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோசை எடுத்துவிட்டு மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தது. உள்ளே இருக்கும் மருந்து அதே லெவோதைராக்சின்தான். ஆனாலும் களைப்பு, தலைவலி, முடி கொட்டுகிறது என்று ஆயிரக்கணக்கானோர் புகார் செய்தார்கள். பயத்தினால் வருவது என்றுகூடச் சில மருத்துவர்கள் சொன்னார்கள். கடைசியில் அக்டோபரில் பழைய மாத்திரையை யூதைராக்ஸ் என்ற பெயரில் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

இது மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கிற மருந்து. கம்பெனி மாறினால் ஆறு, எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். அதைக் கடையில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

நானாக மாத்திரையை நிறுத்தவில்லை, அது இன்னும் ஆபத்து. அரியலூர் டாக்டர் ரத்தம் சோதித்தார். டி.எஸ்.எச். ரொம்ப இறங்கியிருந்தது. பழைய கம்பெனிக்கே திரும்பச் சொல்லி, ஆறு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். வெறும் வயிற்றில் மாத்திரை, காபி முக்கால் மணி கழித்துத்தான். எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

இப்போதெல்லாம் தீர்ந்த மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன். "இதே கம்பெனி இல்லையென்றால் வேண்டாம் தம்பி."