பொறுமை என்பது மௌனமன்று

பொறுமையைப் போற்றாத சமயமில்லை. அதனைத் தவறாகப் பொருள் கொள்ளாத சமுதாயமும் இல்லை. அநீதி கண்டு வாளாவிருத்தலையே பொறுமை என நம்மில் பலர் கருதுகின்றனர். நியாயம் கேட்டு எழும் இளைஞனை, ‘பொறுத்துப் போ’ என அமர்த்துவோரும் உளர். இக்கருத்து பிழையானது என்பதற்கு அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் ஜான் லூயிஸின் வாழ்வே தக்க சான்றாகும்.

1940-இல் அலபாமா மாநிலத்தின் டிராய் என்னும் ஊரருகே, குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நாஷ்வில் நகரில் சமயக் கல்வி பயின்றபோது, ஜேம்ஸ் லாசன் நடத்திய அறப்போர்ப் பயிற்சி வகுப்புகளில் சேர்ந்தார். லாசன், நம் நாட்டின் நாகபுரியில் தங்கிக் காந்தியடிகளின் நெறியைக் கற்றுச் சென்றவர். அடித்தாலும் திருப்பி அடியாதிருக்க மாணவர்கள் அங்கே பழகினர். 1960-இல், கறுப்பினத்தவர்க்கு உணவு வழங்க மறுத்த உணவகங்களில் அமர்ந்து அறப்போர் நடத்தினர்.

1963-ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணியில் உரையாற்றியபோது லூயிஸுக்கு வயது 23. எழுதி வைத்த உரையில், பொறுமை என்னும் சொல்லையே இழிசொல்லாகப் பழித்திருந்தார். மூத்தோர் மறுப்புரைக்கவே அத்தொடரை நீக்கினார். முதுபெரும் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வேண்டியதற்கிணங்க வேறு சில தொடர்களையும் மாற்றினார். எனினும், இனியும் காத்திருக்க இயலாது என்னும் உட்கருத்தை அவர் கைவிடவில்லை. மூத்தோரை மதித்தலும் உண்மையை உரைத்தலும் ஒருங்கே இயலும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

1965 மார்ச் 7 அன்று, வாக்குரிமை வேண்டி ஏறத்தாழ 600 பேர் செல்மா நகரின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்தனர். காவலர்கள் தடிகொண்டு தாக்கினர். முன்வரிசையில் நின்ற லூயிஸின் மண்டையோட்டில் முறிவு ஏற்பட்டது. அவர் கை ஓங்கவில்லை. ஆனால் கோரிக்கையைக் கைவிடவுமில்லை. தொலைக்காட்சியில் அக்கொடுமையைக் கண்ட நாடு அதிர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. சுடுமணலில் மார்பின்மீது பாறாங்கல் ஏற்றப்பட்ட நிலையிலும், ‘இறைவன் ஒருவனே’ என முழங்கிய பிலால் (ரலி) அவர்களை அறிந்த நமக்கு இப்பொறுமை புதியதன்று. பிலாலும் பொறுத்தார், ஆனால் வாய் மூடவில்லை.

1986-இல் ஜார்ஜியாவிலிருந்து பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வான லூயிஸ், 2020 ஜூலை 17 அன்று மறையும் வரை அவ்வுறுப்பினராக விளங்கினார். கறுப்பின வரலாற்றுக்கெனத் தேசிய அருங்காட்சியகம் வேண்டுமென 1988-இல் மசோதா கொணர்ந்தார். அது நிறைவேறாதபோதெல்லாம் மீண்டும் மீண்டும் கொணர்ந்தார். 2003-இல் அது சட்டமாயிற்று. 2016-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1961-இல் தம்மைத் தாக்கிய ஒருவர் 2009-இல் வந்து மன்னிப்புக் கோரியபோது மனமுவந்து மன்னித்தார். ஆயினும், 2013-இல் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முதன்மைப் பகுதியைச் செயலிழக்கச் செய்தபோது அவர் வாளாவிருக்கவில்லை. அதனை மீட்க இறுதிவரை உழைத்தார். தனி மனிதனின் குற்றத்தை மன்னிக்கலாம். பொதுவுரிமையோ அமானிதம், அதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது.

மறைந்த பின்னர் அவரது உடல் குதிரை வண்டியில் அதே பாலத்தைக் கடந்தது. அன்று அலபாமா மாநிலக் காவலர்கள் வணக்கம் செலுத்தி நின்றனர்.

சமுதாயப் பெரியோர்களே, இளைஞர்க்குப் பொறுமையைப் போதிக்கும்போது முயற்சியையும் சேர்த்தே போதியுங்கள். மாணவச் செல்வங்களே, சினம் எளிது. பயின்று, பண்பட்டு, பல்லாண்டு உழைத்து உரிமையை நிலைநாட்டுதல் அரிது. அவ்வரிய செயலுக்கே பொறுமை என்று பெயர்.